பிளாப்பியில் கிடக்கும் நம் பத்தாண்டு



நினைவுச் சொற்பொழிவு என்றால் கவிதையைப் பற்றியோ கோட்பாட்டைப் பற்றியோ பேசுவது நம் வழக்கம். இன்று நாங்கள் பேச வந்திருப்பது ஒரு வேலையைப் பற்றி. பழைய கம்ப்யூட்டர்களிலும் பிளாப்பிகளிலும் கிடக்கும் நம் எழுத்துகளை இன்றைய கணினிக்கு மாற்றுகிற வேலை அது. அதற்கு இனி அதிகக் காலம் இல்லை.

1991இல் அண்ணல் அம்பேத்கரின் நூற்றாண்டு நிறைந்தது. அதையொட்டித் தமிழில் தலித் எழுத்து பெருகியது. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. கொடியங்குளம் 1995இல், மேலவளவு 1997இல், தாமிரபரணி 1999இல். இவை குறித்த துண்டறிக்கை, மனு, உண்மை அறியும் குழு அறிக்கை என்று எத்தனையோ எழுதப்பட்டன. ஈய எழுத்துக் கோக்கும் அச்சகங்கள் டி.டி.பி.க்கு மாறியதும் அதே ஆண்டுகளில்தான். நாம் அதிகமாக எழுதத் தொடங்கிய காலமும் எழுத்து பிளாப்பியில் ஏறிய காலமும் ஒன்றாகிவிட்டன. மூன்றரை அங்குல பிளாப்பியின் கொள்ளளவு 1.44 எம்.பி. இன்று போனில் எடுக்கும் ஒரு படம்கூட அதில் அடங்காது. ஆனால் வெறும் எழுத்தாக வைத்தால் சில நாவல்களே அடங்கும்.

இழப்பு எல்லோருக்கும் உண்டு. நமக்கு அது கூடுதலாக விழும். நம் சிற்றிதழ்கள் சில நூறு பிரதிகளே அச்சாயின. நூலகங்கள் அவற்றைத் தேடி வாங்கவில்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தொடங்கிய ‘பறையன்’ இதழ் இன்று நமக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. 1907இல் அயோத்திதாசர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ கிடைத்தது என்றால், அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் அதைக் கட்டிக்காத்ததால்தான். அயோத்திதாசர் மறைந்தது 1914இல். ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ வெளிவந்தது 1999இல். காகிதம் 85 ஆண்டுகள் காத்திருந்தது. பிளாப்பி அவ்வளவு காத்திருக்காது. அதன் காந்தப் பூச்சு தானாகவே வலுவிழக்கும். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்கும்.

சரி, வேலையை எப்படிச் செய்வது?

முதலில் பிளாப்பியைக் கண்ணால் பாருங்கள். உலோக மூடியை நகர்த்தினால் உள்ளே தட்டு தெரியும். வெள்ளைத் திட்டு இருந்தால் டிரைவில் போடாதீர்கள். அது படிக்கும் முனையில் ஒட்டிக்கொண்டு அடுத்து வரும் நல்ல பிளாப்பியையும் கீறிவிடும். நன்றாக இருந்தால், மூலையில் உள்ள சிறு தாழ்ப்பாளைத் தள்ளித் துளை திறந்திருக்கும்படி வையுங்கள். அப்போது கணினியால் அதில் எதையும் எழுத முடியாது. ஐந்தேகால் அங்குல பிளாப்பியில் இதற்கு நேர்மாறு: ஓரத்து வெட்டை டேப் ஒட்டி மூடவேண்டும்.

மூன்றரை அங்குலத்துக்கு யு.எஸ்.பி. பிளாப்பி டிரைவ் போதும். ஐந்தேகாலுக்குப் பழைய டிரைவ் ஒன்றும், அதை யு.எஸ்.பி.யில் இணைக்கும் ‘கிரீஸ்வீசில்’ போன்ற சிறு பலகையும் வேண்டும். கோப்புகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போடாதீர்கள். முழு பிளாப்பிக்கும் அப்படியே ஒரு படிமம் எடுங்கள். ‘டிடிரெஸ்கியூ’ என்ற இலவச மென்பொருள், கெட்ட இடங்களைத் தாண்டி நல்லவற்றை முதலில் எடுத்துவிட்டுப் பிறகு திரும்பிவந்து முயலும். நலிந்த பிளாப்பி ஒருமுறைதான் படிக்கும் என்று நினைத்துக்கொண்டே வேலை செய்யவேண்டும். பழைய கம்ப்யூட்டர் இருந்தால் அதை மறுபடி மறுபடி ஓடவிட்டுப் பார்க்காமல், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, ஐ.டி.இ. இணைப்பானை மாட்டி அதற்கும் படிமம் எடுங்கள்.

கோப்பு வந்துவிட்டது என்று மகிழ்ந்து திறந்தால், தமிழே இருக்காது. புள்ளி வைத்த ரோமன் எழுத்துகளாக நிற்கும். அன்று ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை வைத்து எழுத்துரு செய்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்ற தரங்கள் வந்தன. தமிழக அரசு யுனிகோடை ஏற்றது 2010இல். ஆகவே பேஜ்மேக்கர் கோப்போடு அந்த எழுத்துருவையும் சேர்த்து மீட்கவேண்டும். எந்த எழுத்துரு என்று தெரிந்தால் மாற்றி மென்பொருள்கள் பெரும்பாலான வேலையைச் செய்துவிடும்.

ஆனாலும் வரிவரியாகப் படித்தாகவேண்டும். பழைய முறையில் ‘கொ’ என்பது ஒற்றைக்கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கிடக்கும். யுனிகோடில் க முதலில் வரும். ‘கௌரவம்’ என்ற சொல்லில் ஔகாரக் குறியும் ளகரமும் ஒன்றுபோல் இருப்பதால் அது ‘கெளரவம்’ என்று மாறி நிற்கும். திரையில் வித்தியாசம் தெரியாது, தேடினால் சொல் அகப்படாது. இதைத் திருத்துங்கள். ஆனால் நம் சேரிப்பேச்சைத் திருத்தாதீர்கள். பிழைதிருத்திக்கு ‘பிழை’யாகத் தெரிவதுதான் நம் எழுத்தாளர்கள் சண்டைபோட்டு அச்சில் ஏற்றிய மொழி.

இன்னொன்று. அந்த பிளாப்பிகளில் இலக்கியம் மட்டும் இல்லை. வன்கொடுமைக்கு ஆளானவர்களின் வாக்குமூலங்களும் பெயர்களும் ஊர்களும் இருக்கின்றன. அவர்கள் அதே ஊரில், அதே ஆதிக்கத்தின் நடுவில் இன்றும் வாழக்கூடும். பாலியல் வன்முறைக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டமே தடுக்கிறது. மீட்பது ஒரு வேலை, வெளியிடுவது வேறு வேலை. சம்பந்தப்பட்டவர்களையோ குடும்பத்தையோ கேட்காமல் இணையத்தில் ஏற்றக்கூடாது.

மீட்டதை மூன்று பிரதியாக்கி மூன்று இடங்களில் வையுங்கள். ஒன்றாவது வேறு ஊரில் இருக்கட்டும். வெள்ளம் வந்தால் தெரியும் அதன் அருமை. மூலப் படிமத்தை அழிக்காதீர்கள். இன்று விடுபட்டதை நாளை வேறொரு கருவி படிக்கலாம்.

மாணவ நண்பர்களே, மூத்த தோழர்களின் வீடுகளுக்குப் போங்கள். பரணில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். காயலான் கடைக்குப் போவதற்குமுன் வாங்கி வாருங்கள். ஒவ்வொரு பிளாப்பியின் மேலும் ஒட்டியிருக்கும் சீட்டைப் படம் எடுத்து, யாரிடமிருந்து, என்று வந்தது என எழுதிவையுங்கள். அயோத்திதாசரை நமக்குத் தந்தவர்கள் வசதி உள்ளவர்கள் என்பதால் தரவில்லை. எறியாமல் வைத்திருந்தார்கள், அதனால் தந்தார்கள்.