நிலமும் நிலைக்கட்டும், வீடும் எழட்டும்

கனடாவில் ஒரு குடும்பம் சொந்த வீட்டுக்குப் போக மூன்று படிகள் ஏற வேண்டும்: நிலையான வருமானம், முன்பணம், அடமானக் கடன். முதல் இரண்டும் குடும்பத்தின் உழைப்பு. மூன்றாவது சட்டத்தின் கையில் இருக்கிறது. தவணை நின்றுபோனால் வீட்டையும் மனையையும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில்தான் வங்கி நீண்டகாலக் கடன் தருகிறது. ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் வீட்டுக்கு உரிமையாளர்களானது இப்படித்தான். அதே மண்ணின் முதற்குடி மக்களுக்கு, அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட ரிசர்வ் நிலத்தில், அந்த மூன்றாம் படியே இல்லாமல் போனது.

அதற்குக் காரணம், முதற்குடியினரை ‘இந்தியர்’ என்று அழைத்து 1876இல் இயற்றப்பட்ட இந்தியர் சட்டம். ரிசர்வ் நிலத்தின் சட்ட உரிமை முடியரசிடம். அதைப் பயன்படுத்தும் உரிமை மட்டுமே மக்களிடம். இன்றுள்ள அச்சட்டத்தின் 89ஆம் பிரிவின்படி, ரிசர்வில் உள்ள முதற்குடியினரின் சொத்தை வெளியாரிடம் அடகு வைக்க முடியாது. வெளியார் ஜப்தி செய்யவும் முடியாது. இது ஒரு காவல்தான். கடன்காரர் கைக்கு நிலம் போகாமல் காத்த வேலி அது. ஆனால் அந்த வேலி வங்கியையும் வெளியே நிறுத்தியது. சில சமூகங்களில் குடும்பத்துக்கு அனுபோகச் சான்றிதழ் உண்டு. அதையும் அதே சமூகத்தாருக்குள் மட்டுமே கைமாற்றலாம். அதனால் வீடு கட்டியவருக்கும் அதைக் காட்டி வெளியே கடன் பெறுவது அரிதாயிற்று.

விளைவு என்ன? 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ரிசர்வில் வாழும் முதற்குடியினரில் 37.4 விழுக்காட்டினர் பெரும் பழுது பார்க்க வேண்டிய வீடுகளில் இருந்தார்கள், 35.7 விழுக்காட்டினர் இட நெருக்கடியில் இருந்தார்கள். கனடாவில் பூர்வகுடியல்லாத மக்களிடையே இவை முறையே 5.7, 9.4 விழுக்காடு மட்டுமே. வெளியே மைனஸ் 30 பாகைக் குளிர். உள்ளே, ஒரு குடும்பத்துக்குக் கட்டிய வீட்டில் மூன்று குடும்பங்கள். சன்னலைத் திறக்க முடியாது. சமையலின் ஆவியும் குளியலின் ஆவியும் சுவரில் நீராய்ப் படிகின்றன. சுவரில் பூசணம் பிடிக்கிறது. குழந்தைகளுக்கு இருமல் நிற்பதில்லை. சாலை இல்லாத வடபுலத்து ஊர்களுக்கு மரமும் சிமெண்டும் உறைபனிக்காலத்துப் பனிச்சாலை வழியாகவே போகின்றன. பனி முன்னதாக உருகினால் கூரை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். 2011இல் ஒன்டாரியோவின் அட்டாவாபிஸ்காட் சமூகம் நெருக்கடி நிலை அறிவித்தபோது, கூடாரங்களிலும் கொட்டகைகளிலும் குடும்பங்கள் வாழ்ந்ததை நாடு முழுவதும் பார்த்தது.

அப்படியானால் வேலியைப் பிடுங்கிவிடலாமா? தனிப்பட்டா கொடுத்தால் போதுமா? இதற்கு அமெரிக்க வரலாறு பதில் சொல்லிவிட்டது. அங்கே 1887இன் டாஸ் சட்டம் பழங்குடிப் பொதுநிலத்தைத் தனித்தனி மனையாகப் பிரித்தது. 13.8 கோடி ஏக்கராக இருந்த நிலம், 1934க்குள் 4.8 கோடி ஏக்கராகச் சுருங்கியது. வரி பாக்கிக்கும் கடனுக்கும் ஏமாற்றுக்கும், "உபரி" என்ற பெயரில் நடந்த விற்பனைக்கும் நிலம் பறிபோயிற்று. நிலத்தை இழந்து பெறும் வீட்டுரிமை தீர்வாகாது.

நிலத்தைக் காத்துக்கொண்டே கடன் பெற முதல் வழி உத்தரவாதம். நெடுங்காலமாகக் கூட்டாட்சி அமைச்சரின் உத்தரவாதத்தின் பேரில் வங்கிகள் கடன் கொடுத்துவந்தன. 2008இல் கூட்டாட்சி அரசு 30 கோடி டாலர் ஒதுக்கி, முதற்குடிகளுக்கான சந்தை வீட்டுவசதி நிதியத்தை அமைத்தது. இது தானே கடன் கொடுப்பதில்லை. குடும்பம் வங்கியில் கடன் கேட்கிறது. சமூகத்தை ஆளும் முதற்குடி மன்றம் அந்தக் கடனுக்குப் பிணை நிற்கிறது. மன்றத்துக்குப் பின்னால் நிதியம் நிற்கிறது. தவணை தவறினால் வங்கிக்குச் சேர வேண்டிய பணத்தை மன்றம் கட்டுகிறது. வீடு மன்றத்திடம் வரும். சமூகத்தின் வேறொரு குடும்பம் குடியேறும். ஒரு பிடி மண்ணும் வெளியே போகாது.

குத்தகை இரண்டாவது வழி. 1996இன் உடன்படிக்கையும் 1999இன் சட்டமும் முதற்குடிகள் தங்கள் நிலத்துக்குத் தாங்களே விதி வகுக்க இடம் தந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட சமூகங்கள் இன்று அவ்வாறு ஆள்கின்றன. நில உரிமையை விடாமல் குத்தகை உரிமையை மட்டும் ஈடாக வைக்கலாம். வான்கூவரில் ஸ்குவாமிஷ் மக்கள் 1913இல் வெளியேற்றப்பட்ட செனாக் என்னும் இடத்தின் ஒரு பகுதி, நீதிமன்றப் போராட்டத்துக்குப் பின் அவர்களிடம் திரும்பியது. அங்கே 6,000 வாடகை வீடுகள் கட்டும் திட்டத்தின் முதல் இரண்டு கட்டங்களுக்கு 2022இல் 140 கோடி டாலர் கூட்டாட்சிக் கடன் அறிவிக்கப்பட்டது. மூன்றாவது வழியாக, நிஸ்கா மக்கள் தங்கள் சொந்தச் சட்டத்தின் கீழ், விரும்பும் குடிகளுக்கு முழு மனை உரிமை வழங்க முன்வந்தார்கள். எந்த வழி என்பதை அந்தந்த மக்களே தேர்ந்தெடுத்தார்கள் என்பதே இவற்றின் வலிமை.

ஆனால் பணம் வந்ததும் வீடு எழுந்துவிடாது. வீட்டுமனைக்குக் குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் வேண்டும். கட்டடத்தைச் சோதிக்கப் பயிற்சி பெற்றவர் வேண்டும். தவணைக் கணக்கும் காப்புறுதியும் பராமரிப்பும் பார்க்க வீட்டுவசதி அலுவலர் வேண்டும். சில நூறு பேர் வாழும் ஊரில் இவை எல்லாம் ஒரே ஆளின் தலையில் விழுகின்றன. அவர் விலகினால் அந்த அனுபவமும் அவரோடு போய்விடும். இதனால்தான் சந்தை வீட்டுவசதி நிதியம் ஆளுகைக்கும் கணக்குக்கும் பயிற்சி தருகிறது. ஊர் இளைஞர் தச்சுவேலையும் மின்வேலையும் கற்றால் கூலி ஊரிலேயே தங்கும். பழுது பார்க்கவும் ஆள் இருக்கும்.

எல்லாருக்கும் சொந்த வீடு என்பது இலக்காகாது. முதியோருக்கும் வருமானம் குறைந்தோருக்கும் மானிய வாடகை வீடு தேவை. ஓராண்டு வந்து மறு ஆண்டு நிற்கும் மானியத்தால் திட்டமிட முடியாது. பல்லாண்டு உறுதியான நிதியும், வீட்டுவசதி அலுவலருக்கு நிலையான சம்பளமும், குழாய் வசதியுள்ள மனைகளும் வேண்டும். வேலியை இட்டது அரசின் சட்டம். அதற்குள் வீடு எழுப்பும் செலவில் பங்கேற்பது அரசின் கடமை. எந்த வீடு, எந்த உரிமை என்று முடிவு செய்வது அந்த மக்களின் உரிமை.