மூன்றாவது நாற்காலி

(பயிற்சி வகுப்பொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்துருவம்)



பொருளாதாரத்தைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். பொருளாதாரம் என்றவுடன் பின்வரிசையிலே அமர்ந்திருக்கும் இளந்தோழர்கள் சிலர் வாயிற்படியைப் பார்ப்பது எனக்குத் தெரிகிறது. அஞ்சவேண்டாம்! புள்ளிவிவரக் காட்டிலே உங்களை அலையவிட்டுவிட்டு நான் வீடு போய்ச் சேர்ந்துவிட மாட்டேன். நான் பேசப்போவது குப்பையைப் பற்றி. குப்பையிலே என்ன அரசியல் என்று கேட்பீர்கள். குப்பையை எவர் கை பொறுக்குகிறது, அதன் விலையை எவர் கை எழுதுகிறது என்று கேட்டுப் பாருங்கள். அரசியல் தானே வந்து நிற்கும்.

நம்மிலே நாற்பதைக் கடந்தவர்களுக்கு நினைவிருக்கும். பழைய இரும்பு, பித்தளை, ஈயம் எது கொடுத்தாலும் பேரீச்சம்பழம் தருவதாகக் கூவிக்கொண்டு தெருக்கோடியிலே தள்ளுவண்டி வந்து நிற்கும். வீட்டிலே அம்மா ஓட்டை அண்டாவைத் தேடிக்கொண்டிருப்பார். பிள்ளையோ அதற்குள்ளாக நல்ல குழம்புக் கரண்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கும்! அப்படிப் போன இரும்பு மண்ணிலே மக்கவில்லை. காயலான் கடைக்குப் போயிற்று. அங்கிருந்து உருக்காலைக்குப் போயிற்று. கம்பியாகவும் தகடாகவும் திரும்பி வந்தது. அந்த வண்டிக்காரர் எந்தக் கல்லூரியிலும் பயின்றவரல்லர். ஆயினும், இன்று டெல்லிப் பட்டணத்திலே குளிர்ந்த மண்டபங்களில் அமர்ந்து 'சுழற்சிப் பொருளாதாரம்' என்று பேசுகிறார்களே, அதன் அரிச்சுவடியை அவர் அறிந்திருந்தார்.

சொல் புதிது, பொருள் எளிது. தோண்டு, செய், பயன்படுத்து, தூக்கி எறி என்று ஒரே நேர்க்கோட்டிலே ஓடுகிறது இன்றைய தொழில். அந்தக் கோட்டை வளைத்து வட்டமாக்கவேண்டும் என்பதே கருத்து. பழுது பார்க்கத்தக்க வகையிலே பொருளைச் செய்யவேண்டும். பயன் தீர்ந்ததும் அது செய்தவனிடமே திரும்பவேண்டும். ஒன்றின் கழிவு மற்றொன்றின் மூலப்பொருளாகவேண்டும். வேண்டாம் என்று எவர் சொல்லமுடியும்? மின்கலங்களுக்கான லித்தியத்துக்கு நாம் வெளிநாட்டைத்தான் நம்பியிருக்கிறோம். தூக்கி எறிந்த கைபேசிக்குள்ளே அதை வைத்துப் புதைத்துவிட்டு, மறுபடியும் கப்பலை எதிர்பார்த்து நிற்பது அறிவுடைமை ஆகுமா?

ஆகவே, கொள்கையிலே எனக்குப் பிணக்கு இல்லை. கொள்கையை வகுக்க அமர்ந்தவர்கள் யார் என்பதிலேதான் என் வழக்கு.

2021ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மத்திய அரசு 11 குழுக்களை அமைத்திருப்பதாக அறிவித்தது. நகராட்சிக் கழிவு, உலோகக் கழிவு, மின்னணுக் கழிவு, லித்தியம் மின்கலம், சூரிய ஒளித் தகடு, ஜிப்சம், நச்சுக் கழிவு, பயன்படுத்திய எண்ணெய், வேளாண் கழிவு, டயர், ஓய்ந்துபோன வாகனம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு. ஒவ்வொரு குழுவுக்கும் உரிய துறை தலைமை தாங்கும். சுற்றுச்சூழல் அமைச்சக அலுவலர்கள், நிதி ஆயோக் அலுவலர்கள், துறை வல்லுநர்கள், கல்வியாளர்கள், தொழில்துறைப் பேராளர்கள் அங்கம் வகிப்பார்கள். அந்த வரிசையை நான் ஒருமுறைக்கு இருமுறை படித்தேன். கழிவைக் கையால் தொடுகின்றவரின் பேராளர் என்ற சொல் அதிலே இல்லை!

அரசுக்கு ஒரு நாற்காலி. ஆலைக்கு ஒரு நாற்காலி. வல்லுநருக்கு விசிப்பலகை என்று வைத்துக்கொள்வோம். இந்த நாட்டிலே குப்பை பொறுக்கி வாழ்கின்றவர்கள் 15 லட்சத்திலிருந்து 40 லட்சம் வரை இருப்பார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். மதிப்பீட்டிலேயே 25 லட்சம் பேர் இருப்பதும் இல்லாததுமாய் ஊசலாடுகிறார்கள் என்றால், அவர்களை நாம் எப்படி எண்ணி வைத்திருக்கிறோம் என்பதைப் பாருங்கள்! ஊரிலே ஓடும் வண்டிக்கெல்லாம் எண் உண்டு. இவர்களுக்குக் கணக்கும் இல்லை, நாற்காலியும் இல்லை.

அரசும் தொழில்துறையும் கூடிப் பேசுவதே குற்றம் என்று நான் கூறுவதாக எவரும் திரித்துவிடவேண்டாம். பேசத்தான் வேண்டும். குளிர்பதனப் பெட்டியை எப்படிச் செய்தால் எளிதிலே பிரிக்கலாம் என்பது அதைச் செய்கின்றவனுக்குத்தான் தெரியும். ஆனால், இருவர் மட்டும் பேசிய பேச்சு எங்கே போய் முட்டியது என்பதைக் காணவேண்டும்.

'உற்பத்தியாளரின் நீட்டிக்கப்பட்ட பொறுப்பு' என்று ஒரு விதி. பெயர் நீளம், உள்ளடக்கம் இவ்வளவுதான்: நீ விற்ற பொருள் குப்பையானால், அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது உன் கடமை. 2023 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, சில ஆண்டுகளுக்கு முன் விற்ற எடையிலே முதலில் 100க்கு 60 பங்கு. 2027-28இல் 80 பங்கு. நல்ல விதி! ஆனால் கம்பெனிக்காரர் கோணி தூக்கித் தெருத்தெருவாக வருவாரா? மாட்டார். பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலையிடமிருந்து, இத்தனை எடை கழிவைச் செம்மையாக்கியாயிற்று என்ற சான்றிதழை விலைக்கு வாங்கினால் போதும், கடமை முடிந்தது.

சான்றிதழ் சரக்காகிவிட்டால் போலிச் சரக்கும் வருமல்லவா? வந்தது. நெகிழி உறைகளுக்கு இதே ஏற்பாடு 2022இல் வந்தது. மறு ஆண்டே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சோதித்தபோது, சில மறுசுழற்சி நிறுவனங்கள் லட்சக்கணக்கிலே போலிச் சான்றிதழ்களை உண்டாக்கியிருந்தது வெளிப்பட்டது. தெருவிலே நெகிழி கிடந்த இடத்திலேயே கிடக்க, தாளிலே அது மறுசுழற்சி ஆகிவிட்டது! தாளை எழுதியவர் ஒருவர், வாங்கியவர் ஒருவர். குப்பைமேட்டிலே நின்றவரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால், "அவ்வளவு சரக்கு இங்கிருந்து போகவே இல்லையே" என்று சொல்லியிருப்பார்.

இன்னொன்றும் கேளுங்கள். மின்னணுக் கழிவுச் சான்றிதழ் அடிமாட்டு விலைக்கு விற்றால் முறையான ஆலை பிழைக்காது. பின்கட்டிலே அமிலத்தை ஊற்றி, கம்பியை எரித்து, புகையை விழுங்கிக்கொண்டு செம்பு பிரிக்கும் இடத்துக்கே சரக்கு போய்ச் சேரும். இதை உணர்ந்து, வீட்டு மின்னணுப் பொருள்களுக்குக் கிலோவுக்கு 22 ரூபாய் என்று அரசு 2024இல் குறைந்தபட்ச விலை வைத்தது. அதை எதிர்த்துப் பெரும் மின்னணு நிறுவனங்கள் டெல்லி உயர்நீதிமன்றத்தின் படியேறின. விலையை நிர்ணயிக்க அரசுக்கு என்ன உரிமை என்று கேட்டன. மாநாட்டு மேடையிலே பசுமை பேசிய வாய், 22 ரூபாய் என்றதும் வழக்குரைஞரைத் தேடுகிறது! செலவு கூடும் என்ற அவர்கள் வாதத்தை நான் ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை. அது அமிலத்தை மோந்து கருகும் நெஞ்சின் செலவோடு சேர்த்து எடைபோடப்படவேண்டும் என்கிறேன். அந்தச் செலவைச் சொல்ல அங்கே எவரும் இல்லை.

டெல்லியைப் பேசிக்கொண்டே இருந்தால் போதுமா? நம் வீட்டுக்கு வருவோம், திருப்பூருக்கு வருவோம்.

வெள்ளியங்கிரி மலைச்சாரலிலே பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்திலே காவிரியோடு சேருகிறது நொய்யல். அதன் குறுக்கே 1992இல் ஒரத்துப்பாளையம் அணை எழுந்தது. உழவர் பாசனத்துக்காக எழுந்தது. வந்து நிரம்பியதோ சாயப் பட்டறைகளின் கழிவுநீர்! தண்ணீர் விடு என்று உழவன் கேட்பதுதான் உலக வழக்கம். தண்ணீர் விட்டுவிடாதே, எங்கள் நிலம் உப்பாகிவிடும் என்று உழவன் கைகூப்பிய அணை அது. அணையைக் காணப் போன ஒரு நண்பர், பசியோடு வந்தவனுக்குச் சோற்றுப் பானையிலே சுண்ணாம்பு வைத்ததைப் போலிருந்தது என்றார். அதைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அன்றும் அரசும் தொழிலதிபர்களும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆண்டுக்கணக்கிலே பேசினார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாமல் செய்வது இயலாது, உலகிலே எங்கும் இல்லை, ஏற்றுமதி அழிந்துவிடும் என்றெல்லாம் சொல்லப்பட்டது. நொய்யல் ஆயக்கட்டு உழவர்கள் நாற்காலி கேட்டுப் பார்த்துக் கிடைக்காமல், நீதிமன்றத்திலே போய் நின்றார்கள். 2006இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் 2009இல் அதை உறுதி செய்தது. அப்போதும் ஆறு தெளியவில்லை. 2011 ஜனவரித் திங்களில், 700க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை இழுத்து மூடு என்று உயர்நீதிமன்றம் கூறிவிட்டது.

அதன் பிறகுதான் தோழர்களே, இயலாதது இயன்றது! மாநில அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. கழிவுநீர் முதலில் நுண்ணுயிர்களால் தெளிவிக்கப்படுகிறது. பின்பு மெல்லிய சவ்வுகளின் வழியே அழுத்திச் செலுத்தப்படுகிறது. எஞ்சிய உப்புநீர் காய்ச்சப்படுகிறது. நூறு குடம் நீரிலே தொண்ணூறு குடத்துக்குமேல் மறுபடியும் பட்டறைக்கே வருகிறது. சாயம் ஏற்றப் பயன்பட்ட உப்பும் திரும்பி வருகிறது. அன்று முடியாது என்றவர்கள் இன்று வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் இதையே தங்கள் பெருமையாக எடுத்துக்காட்டுகிறார்கள். காட்டட்டும், பெருமைப்படத்தக்கதுதான். பிரிக்கமுடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளிலே தேங்கிய கதையையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நன்றாயிருக்கும். வட்டம் முழுதாகிவிடவில்லை.

திருப்பூர்க் கதையிலே என் மனத்தை உறுத்துவது வேறொன்று. உழவர்கள் நீதிமன்றத்தின் வழியே ஒரு நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஆனால் 2011இல் பட்டறை மூடியபோது, முந்தைய நாள்வரை சாயத் தொட்டிக்குப் பக்கத்திலே நின்ற பல்லாயிரம் தொழிலாளர்கள் கூலியிழந்தார்கள். பலர் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். ஆற்றைக் கெடுத்த முடிவு அவர்களுடையதன்று. ஆற்றைக் காத்த தீர்ப்பின் விலையை மட்டும் அவர்கள் கொடுத்தார்கள். மூடிய மாதங்களின் கூலியை எவர் தருவது? கேட்பதற்கு ஒரு நாற்காலி முன்பே இருந்திருந்தால், இந்தக் கேள்வி பூட்டுப் போடுவதற்கு முன்பே எழுந்திருக்கும்.

மதுப்புட்டி விவகாரத்திலும் இதுவே. நீலகிரிக் காடுகளில் உடைந்து கிடந்த புட்டிகள் யானையின் காலைக் கிழிக்கின்றன என்பதால், உயர்நீதிமன்றத்தின் முயற்சியில் 2022இல் ஓர் ஏற்பாடு வந்தது. புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குவது, காலிப் புட்டியைத் தந்தால் திருப்பித் தருவது. பெரும்பாலான புட்டிகள் திரும்பின. பிற மாவட்டங்களுக்கும் திட்டம் பரவியது. ஆனால் புட்டியை எண்ணி, அடுக்கி, காசு திருப்பித் தருவது கடை ஊழியரின் தலையிலே விழுந்தது. இடம் எங்கே, தனிப் பணியாளர் எங்கே என்று கேட்டு ஊழியர் சங்கங்கள் போராட வேண்டியதாயிற்று. திட்டம் நல்லது, தொடங்குமுன் கடைக்காரரை ஒரு முறை கேட்டிருக்கலாம்.

கேட்ட ஊர் உண்டா என்பீர்கள். ஹாலந்து அரசு 2016இல் ஒரு திட்டம் வகுத்தது. 2030க்குள் புதிய கனிம மூலப்பொருள் பயன்பாட்டைப் பாதியாக்குவது, 2050க்குள் முழுச் சுழற்சி. 2017 ஜனவரியிலே அதற்கென ஓர் உடன்பாடு கையெழுத்தானபோது, முதலாளிகளின் சங்கங்களோடு தொழிற்சங்கங்களும் பேனாவை எடுத்தன. அங்கே எல்லாம் நடந்துவிட்டது என்று எண்ணவேண்டாம். இலக்கை நோக்கிய நடை போதாது என்று அந்நாட்டு அரசின் ஆய்வு நிறுவனமே பின்னர்ச் சொன்னது. நாற்காலி போட்டால் மட்டும் வேலை முடிந்துவிடாது, அது உண்மை.

அவ்வளவு தொலைவு எதற்கு? புனே இருக்கிறது. அங்கே 1993இல் குப்பை பொறுக்குவோர் தங்களுக்கென ஒரு சங்கம் கண்டார்கள். மாநகராட்சியிடம் அடையாள அட்டை பெற்றார்கள். பின்பு 'ஸ்வச்' என்ற தங்கள் சொந்தக் கூட்டுறவின் பெயரால் 2008இல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். வீடுவீடாகச் சென்று குப்பை பெறுகிறார்கள். வீட்டுக்காரர் மாதக் கட்டணம் தருகிறார். தரம் பிரித்து விற்ற காசு அவர்களுக்கே. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கும் காலம் வந்தால் இழுபறிதான். ஆனால் இழுப்பதற்கு அவர்கள் கையிலே ஒரு கயிறு இருக்கிறது!

சட்டமும் ஏட்டளவிலே இடம் தந்திருக்கிறது. குப்பை பொறுக்குவோரை உள்ளாட்சி தன் ஏற்பாட்டிலே இணைக்கவேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் விதிகளிலேயே எழுதினார்கள். துப்புரவுப் பணியாளருக்கான 'நமஸ்தே' திட்டத்திலே 2024இல் இவர்களையும் சேர்த்தார்கள். கணக்கெடுப்பு, அடையாள அட்டை, மருத்துவக் காப்பீடு என்றார்கள். உங்கள் நகராட்சியிலே எத்தனை பேர் பெயர் ஏறியிருக்கிறது? எவருக்காவது தெரியுமா? மேடையிலே அமர்ந்திருக்கும் நமக்கே தெரியாது, வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஆகையால் அடுத்த வகுப்புக்கு வரும்போது வெறுங்கையோடு வரவேண்டாம். அவரவர் வட்டத்திலே உள்ள காயலான் கடைகளை எண்ணுங்கள். அங்கே சரக்குக் கொண்டுவருகின்றவர்களோடு ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பேசுங்கள். ஒரு கிலோ நெகிழிக்கும், ஒரு கிலோ செம்புக் கம்பிக்கும் கடைக்காரர் அவர்களுக்குத் தரும் விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் மேலே விற்கும் விலையையும் கேளுங்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அடையாள அட்டை உண்டு, கையுறை உண்டு என்பதையும் எழுதுங்கள். அந்தத் தாளைக் கையிலே வைத்துக்கொண்டு நகராட்சி ஆணையரைப் பார்க்க நேரம் கேட்போம். உடன் வருவதற்கு அவர்களிலே இருவரை அழைத்து வாருங்கள், பேசவேண்டியவர்கள் அவர்கள்.