புல்மலைச் சரிவின் மண்: மேலிருந்து கீழ்வரை

(மஹய்யாவயில் கமக்காரர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் வாசகம்)



நெல்லும் காய்கறியும் பயிரிடும் உங்களிடத்தில் புல் முளைத்துக் கிடக்கும் மலைச்சரிவைப் பற்றிப் பேசுவது எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். கண்டிப் பகுதியில் வயல்கள் பெரும்பாலும் மலையடிவாரப் பள்ளங்களிலேயே அமைந்துள்ளன. அவ்வயல்களில் உள்ள மண்ணில் ஒரு பங்கு மேலேயுள்ள சரிவிலிருந்து இறங்கி வந்தது. அவற்றில் ஊறும் நீரும் அவ்வழியே வருவது. ஆகவே, மேட்டை அறியாதவன் பள்ளத்தை முழுவதும் அறியமாட்டான்.

நமது நகரின் தெற்கே நிற்கும் ஹந்தானை மலையை நோக்குங்கள். அங்கே காடு அழிக்கப்பட்டுக் கோப்பி நடப்பட்டது. 1869 ஆம் ஆண்டில் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை மாய்த்தபின் தேயிலை வந்தது. பின்னர்க் கைவிடப்பட்ட தேயிலை நிலங்களில் மானாப் புல் பரவியது. இம்மாற்றங்கள் ஒவ்வொன்றின்போதும் மேல்மண் மழையோடு கீழே இறங்கியது. இன்று சரிவின் ஒவ்வொரு படியிலும் மண் வேறுபட்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

மலையின் மண் ஒரு சங்கிலி

ஒரே பாறையிலிருந்து பிறந்த மண்ணும், ஒரே மழையைப் பெறும் மண்ணும், சரிவில் தான் இருக்கும் இடத்துக்கேற்ப மாறுகின்றன. கிழக்காபிரிக்காவில் ஆராய்ச்சி செய்த மில்ன் என்னும் அறிஞர் 1930களில் இதனை ஒரு சங்கிலிக்கு ஒப்பிட்டார். நமது நாட்டில் மூர்மன், பானபொக்க ஆகிய இருவரும் 1961 ஆம் ஆண்டில் இலங்கை மண்களை வகைப்படுத்தி எழுதினர். கண்டியைச் சூழ்ந்த மேடுகளில் பரவலாகக் காணப்படும் செங்கபில மண்ணும், பள்ளங்களில் காணப்படும் நரைநிற ஈரமண்ணும் வெவ்வேறு வகைகளாகும். ஆயினும் அவை ஒரே சரிவில் அண்டை அயலாக உள்ளன.

உச்சியில் மண் ஆழமற்றது. கல்லும் பரலும் மிகுந்தது. பெய்த நீர் தங்காமல் ஓடிவிடுவதால் புல் விரைவில் வாடும். நடுச்சரிவே மண் மிகுதியாக அரிக்கப்படும் இடம். அங்கே கருமையான மேல்மண் சில அங்குலமே இருக்கும். சில இடங்களில் அதுவுமின்றிச் செம்மண்ணே வெளியே தெரியும். அச்செம்மண்ணில் உள்ள இரும்பும் அலுமினியமும் நாம் இடும் பொசுபரசுப் பசளையைப் பற்றிக்கொண்டு பயிருக்கு எளிதில் கொடுப்பதில்லை. மழை சுண்ணச்சத்தைக் கழுவிச் செல்வதால் மண் புளிப்படைகிறது. ஆனால் திகனை, மாத்தளை போன்று தொலமைற்றுக் கல் உள்ள இடங்களில் புளிப்புக் குறைவாக இருக்கலாம்.

அடிச்சரிவில் மேலிருந்து வந்த மண் குவிந்து ஆழமாகவும் கருமையாகவும் இருக்கும். ஈரமும் நெடுநாள் நிற்கும். போஞ்சி, கோவா, தக்காளி ஆகியவற்றுக்கு ஏற்ற இடம் இதுவே. எனினும் இச்செழிப்பு மேலேயுள்ள நிலம் இழந்த செல்வம் என்பதை மறத்தலாகாது. மேலே இழப்பதற்கு ஒன்றும் இல்லாத நாளில் கீழே வருவது மணலும் கல்லுமே.

பள்ளத்து வயலில் இரும்பு

மேட்டில் காற்றோட்டம் உள்ளதால் இரும்பு துருப்போலச் சிவந்து அசையாது நிற்கிறது. நீர் தேங்கிய பள்ளத்தில் அது கரைந்து நீருடன் நகர்கிறது. மண் நரைநிறம் அடைகிறது. மலையடியில் ஊற்றுநீர் கசியும் வயலில் இவ்விரும்பு மிகுந்து நெல்லுக்கு நஞ்சாகும். முதிர்ந்த இலைகளில் நுனியிலிருந்து கபிலநிறப் புள்ளிகள் தோன்றிப் பரவும். வேர்களில் துருநிறப் பூச்சுப் படியும். இந்நோய்க்கு இரும்பு நச்சே காரணம் என்பதை இலங்கை அறிஞர் பொன்னம்பெருமாவும் அவரது துணைவரும் 1955 இல் எடுத்துக்காட்டினர்.

இதனைப் பூச்சி நோய் என்று கருதி மருந்து தெளிப்பது வீண்செலவு. மலையடியில் ஒரு கான் வெட்டி, ஊறிவரும் நீரை வயலுக்குள் புகாமல் திருப்புதல் வேண்டும். இடையிடையே வயலை வடியவிடுதலும், பொற்றாசியப் பசளையைக் குறைக்காது இடுதலும் பயன் தரும். இரும்பைத் தாங்கும் நெல்லினங்கள் பொம்புவல நிலையத்தில் உருவாக்கப்பட்டுள்ளன. அவற்றுள் உங்கள் வயலுக்கு ஏற்றதை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிக.

சோதிக்கும் முறை

சரிவை உச்சி, நடு, அடி, பள்ளம் என நான்காகப் பிரித்துக்கொள்க. ஒவ்வொன்றிலும் ஒன்றரை அடி ஆழக் குழி தோண்டி, கருமண்ணின் தடிப்பையும், கல்லின் அளவையும், வேர் இறங்கிய ஆழத்தையும், நிறத்தையும் குறித்துக்கொள்க. பரிசோதனைக்கு அனுப்புவதாயின், ஒவ்வொரு பகுதியிலும் பத்து இடங்களில் ஆறு அங்குல ஆழம்வரை மண் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோவைத் தனிப்பையில் இடுக. பசளையோ சுண்ணாம்போ இடுவதற்கு முன்னரே இதனைச் செய்தல் வேண்டும். நான்கு பகுதி மண்ணையும் ஒன்றாகக் கலந்து அனுப்பினால் வரும் விடை எப்பகுதிக்கும் பொருந்தாது.

புல்லைக் காப்பது வயலைக் காப்பது

மானாப் புல்லின் அடர்ந்த வேர்கள் மண்ணைத் துகள்துகளாகப் பிணைத்து மழைநீரை உள்ளே இறங்கச் செய்கின்றன. வறண்ட மாதங்களில் அதற்குத் தீ வைப்போர் இருக்கின்றனர். எரிந்தபின் முளைக்கும் இளம்புல் மாட்டுக்குச் சில வாரத் தீனியாகலாம். ஆனால் அடுத்த பெருமழை சாம்பலையும் மேல்மண்ணையும் ஒருங்கே அள்ளிச் செல்லும். அம்மண் வாய்க்காலை அடைத்து, மகாவலியிலும் சேர்கிறது. 1976 இல் இயங்கத் தொடங்கிய பொல்கொல்லை அணையின் பின்னே படிந்த சேறு இதற்குச் சான்று. மண்ணைக் காக்கவென்றே 1951 இல் மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் நிலத்தில் நிற்பவர் கைகொடாமல் சட்டம் மட்டும் மண்ணைத் தடுத்து நிறுத்தாது.

ஆகவே, உச்சியைப் புல்லுக்கும் மரத்துக்கும் விட்டுவிடுக. நடுச்சரிவில் பயிரிடுவதாயின், சமமட்டக் கோட்டில் கல்லணை கட்டுக. அல்லது சீமைக்கிளுவை வேலி நட்டு, அதன் தழையை வெட்டி மண்மேல் பரப்புக. பாத்திகளை மேலிருந்து கீழாக அன்றிக் குறுக்காக அமைக்க. எருவை நடுச்சரிவுக்கு மிகுதியாகவும், அடிச்சரிவுக்கு அளவாகவும் இடுக.

மேட்டு நிலம் ஒருவருடையதாகவும் பள்ளத்து வயல் மற்றொருவருடையதாகவும் இருத்தல் இங்கு வழக்கம். கானை எங்கே வெட்டுவது, அதன் நீரை எங்கே விடுவது என்பதை இருவரும் பெருமழைக்கு முன்னரே கூடிப் பேசி முடிவு செய்தல் வேண்டும். மழை தொடங்கியபின் செய்யும் வழக்கும் வாதமும் போன மண்ணை மீட்டுத் தரமாட்டா.