பொதிகையில் ஓர் ஊசியிலை மரம்



சிம்லாவிலும் டேராடூனிலும் அலுவல் நிமித்தம் வாழும் தமிழர் பலர், தேவதாருவையும் பைன் மரத்தையும் கண்டு, இத்தகைய செல்வம் தென்னாட்டிற்கு வாய்க்கவில்லையே என்று எண்ணுவதுண்டு. கொடைக்கானலில் நாம் காணும் பைன் தோப்புகளும் மனிதர் நட்டவையே. ஆயினும் அவ்வெண்ணம் முற்றும் சரியன்று. தென்னிந்தியக் காடுகளில் தானே வளரும் ஊசியிலை இனம் ஒன்று உண்டு. ஒன்றே ஒன்றுதான் உண்டு.

திருவனந்தபுரத்திற்குக் கிழக்கே 1,868 மீட்டர் உயர்ந்து நிற்கிறது அகத்தியர்கூடம். தமிழர் பொதிகை எனப் போற்றும் மலை அது. அதனைச் சார்ந்த பசுமைமாறாக் காடுகளில் இம்மரம் வளர்கிறது. மலையாளத்தில் நிறம்பல்லி என்பர்; தாவர நூலார் நாகெயா வாலிச்சியானா என்பர். இனத்தால் ஊசியிலை மரமெனினும், இதன் இலை ஊசி போன்றதன்று, அகன்றது, நடுநரம்பு இல்லாதது. ஆதலின் அருகே நிற்பவரும் இதனை இன்னதென்று அறியார்.

இதன் குடும்பத்தைச் சேர்ந்த மரங்கள் கீழை ஆப்பிரிக்க மலைகளிலும் உண்டு. அக்கண்டத்து மலாவி நாட்டின் முலஞ்சே மலையில், வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த ஊசியிலை மரம் ஒன்று உள்ளது. முலஞ்சே செடார் எனப்படும் அது, அந்நாட்டின் தேசிய மரம். கள்ளத்தனமாக வெட்டியதாலும் காட்டுத்தீயாலும் முதிர்ந்த மரங்கள் ஏறத்தாழ முழுவதும் அழிந்தன. 2016 முதல் பெருந்திரளாக நாற்றுகளை நட்டு அதனை மீட்க முயல்கின்றனர். வெட்டுவதற்குச் சில நாழிகை போதும். மீட்பதற்கோ தலைமுறைகள் வேண்டும்.

நிறம்பல்லி அந்நிலையை எய்திவிடவில்லை. அசாம் முதல் நியூகினி வரை அது பரவியுள்ளது. ஆனால் நம் மலைத்தொடரில் ஆங்காங்கே சிதறியே நிற்கிறது. மேலும் இதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. துணையின்றித் தனித்து நிற்கும் மரம் எத்துணை ஓங்கி வளரினும் அதனால் சந்ததி இல்லை. ஆகவே, ஒரு மரத்தைக் காப்பது போதாது. காட்டையே காத்தல் வேண்டும். அகத்தியமலை 2001ஆம் ஆண்டில் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2016இல் யுனெஸ்கோவின் பட்டியலிலும் இடம்பெற்றது.

பிற மாநிலங்களில் வாழும் நம் குழந்தைகள் தேவதாருவை அறிவர். விடுமுறையில் ஊர் திரும்பும்போது, பொதிகையில் அதற்கு ஓர் உறவு உண்டு என்பதையும் அவர்களுக்குச் சொல்வோம். பெயர் அறியாத மரம் மறைந்தால், மறைந்தது என்றுகூட எவரும் உணரமாட்டார்.