வானத்தில் ஒரு கறுப்புப் பட்டை



கொச்சித் துறைமுகத்தில் இருக்கிறது வில்லிங்டன் தீவு. காயலை ஆழப்படுத்தியபோது தோண்டிய மண்ணைக் கொட்டி உருவாக்கிய தீவு இது. துறைமுகம் என்றால் இரவெல்லாம் விளக்குதான். அந்த வெளிச்சத்தில் மங்கலான நட்சத்திரங்கள் மறைந்துபோகும்.

மே மாத இரவில் தீவின் தெற்கு வானில் ஓர் அதிசயம் உண்டு. கோடானுகோடி நட்சத்திரங்கள் சேர்ந்தது ஒரு விண்மீன் மண்டலம். அப்படி ஒன்றுதான் ‘சென்டாரஸ் ஏ’. அதன் ஒளி நம்மிடம் வந்து சேர ஒரு கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது. உருண்டையான ஒளி, அதன் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை! அது தூசிப் படலம். வேறொரு மண்டலத்தை இது விழுங்கியதன் மிச்சம் என்கிறார்கள் விஞ்ஞானிகள்.

இதைப் படம் பிடிப்பது எப்படி? தொலைநோக்கியில் கேமராவைப் பொருத்த வேண்டும். பூமி சுழல்கிறது அல்லவா? அதற்கு ஏற்பத் தொலைநோக்கியும் மெல்ல நகர வேண்டும். உண்டியலில் காசு சேர்வதுபோல, கேமராவில் ஒளி சேரும். பட்டை தெளிவாகத் தெரியும்.

இதனால் என்ன பயன்? ராபர்ட் எவன்ஸ் ஆஸ்திரேலியாவில் ஒரு பாதிரியாராக இருந்தார். ஓய்வு நேரத்தில் வானம் பார்ப்பார். மண்டலங்களின் தோற்றம் அவருக்கு மனப்பாடம். 1986இல் இதே மண்டலத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்ததை அவரே கண்டுபிடித்தார். அத்தனை நினைவாற்றல் எல்லோருக்கும் வருமா? படம் இருந்தால் போதும். பழையதையும் புதியதையும் ஒப்பிடலாம்.

துறைமுக விளக்கை அணைக்க முடியாது. ஆனால் நம் தெருவிளக்குக்கு மேல்மூடி போடலாம். வெளிச்சம் பாதையில் விழும். வானம் நமக்குத் திரும்பக் கிடைக்கும்.