இரத்தக் கொதிப்பு: ஆபத்து வேளையில் அறிய வேண்டியவை

(யூபிலி ஆண்டின் நலவாழ்வு நாளன்று, ஞாயிறு திருப்பலிக்குப்பின் பங்கு மக்களுக்கு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டு நன்றி கூறும் ஆண்டு. இவ்வாலயத்தைக் கட்டக் கல் சுமந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நலமாயிருந்தால்தான் நம் விழா நிறைவு பெறும். ஆகவே, சத்தமின்றி வீட்டுக்குள் நுழைந்து ஒரே நாளில் குடும்பத்தை நிலைகுலையச் செய்யும் ஒரு நோயைப்பற்றிப் பேசும்படி பங்குத்தந்தை அவர்கள் என்னைப் பணித்தார்கள். அதுதான் இரத்தக் கொதிப்பு என்று நாம் சொல்லும் உயர் இரத்த அழுத்தம்.

வரலாற்றிலிருந்து ஓர் உண்மை நிகழ்ச்சியைக் கூறுகிறேன். அமெரிக்க அதிபராயிருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை 1944 மார்ச் மாதம் இருதய மருத்துவர் ஹோவர்ட் புரூயென் சோதித்தபோது இரத்த அழுத்தம் 186/108 இருந்தது. அடுத்த ஆண்டில் அது மேலும் மேலும் ஏறியது. 1945 ஏப்ரல் 12 அன்று, ஓவியர் ஒருவர் தம்மை வரைந்துகொண்டிருக்கையில், தலையின் பின்பக்கம் கடுமையாய் வலிக்கிறது என்றார். அப்படியே மயங்கிச் சாய்ந்தார். அப்போது அழுத்தம் 300/190. மூளையில் இரத்தம் பெருகி, அன்று பிற்பகலே தமது 63-ஆம் வயதில் இறந்தார்.

அவரைச் சுற்றி மருத்துவர்கள் இருந்தார்கள். ஆனால் அழுத்தத்தைக் குறைக்கத் தகுந்த மாத்திரை அன்று உலகில் இல்லை. 1949-இல்தான் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரின் பயனை ஆங்கில மருத்துவ ஏட்டில் எழுதி உலகுக்கு அறிவித்தார். உடலிலுள்ள மிகுதி உப்பைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மாத்திரை 1958-இல் விற்பனைக்கு வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ நல்ல மருந்துகள் வந்துவிட்டன. அன்று அமெரிக்க அதிபருக்குக் கிடைக்காத மருந்து, இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. கிடைத்தும் விழுங்காமல் விடுகிறோமே, அதுதான் வேதனை.

இனி ஆபத்து எது என்று பார்ப்போம். மேல் அளவு 180-க்கு மேலும், கீழ் அளவு 120-க்கு மேலும் போனால் அது மிக உயர்ந்த அழுத்தம். இரண்டில் ஒன்று அப்படி ஏறினாலும் அசட்டை கூடாது. ஆயினும் எண் மட்டுமே ஆபத்தன்று. அந்த அழுத்தம் உடலின் உறுப்புகளைத் தாக்கத் தொடங்கிவிட்டதா என்பதே கேள்வி. தாக்கியிருந்தால் நிமிடங்களும் விலையுள்ளவை. அதற்கான அடையாளங்களைச் சொல்கிறேன். தாய்மார்கள் மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, மூளை. முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கையோ காலோ தளர்தல், பேச்சுக் குழறுதல், இதுவரை கண்டிராத கடுந்தலைவலி, குழப்பம், வலிப்பு. இரண்டாவது, கண். திடீரெனப் பார்வை மங்குதல். மூன்றாவது, இருதயமும் நுரையீரலும். நெஞ்சுவலி, படுக்க முடியாத மூச்சுத்திணறல், நெஞ்சிலிருந்து முதுகுக்குக் கிழிப்பதுபோல் ஓடும் வலி. நான்காவது, சிறுநீரகம். சிறுநீர் வெகுவாய்க் குறைதல், அல்லது இரத்தம் கலந்து போதல்.

கர்ப்பிணிப் பெண்களுக்குத் தனி எச்சரிக்கை. அவர்களுக்கு 160/110 என்பதே ஆபத்தான அளவு. முகமும் கையும் வீங்கினால், “பிள்ளை பெறப்போகிறவளுக்கு இது சகஜந்தான்” என்று பாட்டிமார் சொல்லிவிடுவதுண்டு. வீக்கத்தோடு தலைவலியோ, கண் மங்கலோ, மேல்வயிற்று வலியோ சேர்ந்தால் அது சகஜமன்று. வலிப்பு வருமுன் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பிரசவம் முடிந்த பின்னும் ஆறு வாரம்வரை இந்த அபாயம் உண்டு.

இவற்றுள் ஒன்று கண்டாலும் 108-ஐ அழையுங்கள். நோய் தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். நேரம் தெரியாவிட்டால் அந்த வாய்ப்பே கைநழுவலாம். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளையும் மருந்துச் சீட்டையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். நோயாளியைத் தனியே வண்டி ஓட்டிப் போக விடாதீர்கள். மயங்கியிருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாய் கோணியவருக்குக் காப்பியோ தண்ணீரோ புகட்டாதீர்கள். அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

செய்யக்கூடாத இன்னொன்று உண்டு. அழுத்தத்தை அவசரமாய் இறக்க நிஃபெடிபின் குளிகையைக் குத்தி நாக்கின் அடியில் விடும் பழக்கம் ஒரு காலத்தில் மருத்துவர்களிடமே இருந்தது. அதனால் பக்கவாதமும் மாரடைப்பும் நேர்ந்ததைக் கண்டு, 1990-களிலேயே அதைக் கைவிடும்படி எச்சரித்தார்கள். காரணம் என்ன? வாய்க்காலில் நீர்மட்டம் சட்டென்று இறங்கினால், முதலில் காய்வது கடைமடை வயல். அதுபோல, நெடுநாள் உயர் அழுத்தத்துக்குப் பழகிப்போன மூளைக்கு, அழுத்தம் திடீரென விழுந்தால் இரத்தம் எட்டாது. மருத்துவமனையில்கூடப் பெரும்பாலோருக்கு முதல் ஒரு மணியில் கால் பங்குக்குமேல் குறைப்பதில்லை. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையை வாங்கிக் கொடுப்பதும், இரண்டு மாத்திரையைச் சேர்த்து விழுங்குவதும் வேண்டாம்.

அடையாளம் ஒன்றுமில்லை, எண் மட்டும் உயர்ந்திருக்கிறது என்றால் பதறாதீர்கள். சாய்ந்து அமர்ந்து, பேசாமல் ஐந்து நிமிடம் ஓய்வெடுத்து, கையை இருதய மட்டத்தில் வைத்து மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். காப்பி குடித்து, புகை பிடித்து அரை மணிக்குள் அளந்தால் கணக்குத் தவறும். அப்போதும் 180/120-க்கு மேலிருந்தால் அன்றைக்கே மருத்துவரைக் கேளுங்கள். அன்றைய மாத்திரையை மறந்திருந்தால் அதை மட்டும் சாப்பிடுங்கள்.

இனி, வருமுன் காப்பது. இந்த ஆபத்து பெரும்பாலும் அன்றைக்கு உண்டானதன்று. மாத்திரையை நிறுத்திய நாளிலேயே அதற்கு வித்திட்டாகிவிட்டது. “உடம்பு நன்றாயிருக்கிறது, பிறகெதற்கு மாத்திரை?” என்பார்கள். நன்றாயிருப்பது மாத்திரையால்தான். தலைசுற்றினால்தான் பி.பி. என்று எண்ணுவதும் தவறு. பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இராது. குளோனிடின் போன்ற சில மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் முன்னிருந்ததைவிட மேலே துள்ளும்.

நம் மக்கள் மாத்திரையை விடும் காலங்களும் எனக்குத் தெரியும். தவக்கால ஒருசந்தி நாளில் சோற்றோடு மாத்திரையையும் விடுகிறார்கள். வேளாங்கண்ணிக்கு நடைபயணம் போகிறவர்கள் பையில் துணிமணி எல்லாம் வைத்து, மருந்தை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போகிறார்கள். நோன்பிருங்கள், நடந்து செல்லுங்கள். ஆனால் மருத்துவரிடம் கேட்டு, மாத்திரையை எந்த வேளைக்கு மாற்றுவது என்று தெரிந்துகொண்டு செல்லுங்கள்.

சில பொருட்கள் அழுத்தத்தை ஏற்றிவிடும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கி விழுங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவை அத்தகையன. பாடற்குழுவினர் குரல் இனிமைக்கென்று நாள்தோறும் அதிமதுரம் மெல்வதும் அப்படியே. எல்லாவற்றுக்கும் மேலாக உப்பு. நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் நான்கும் ஒரே இலையில் அமர்ந்தால் கணக்கு எங்கே போகும்! மதுவையும் புகையையும்பற்றி நான் தனியே சொல்ல வேண்டியதில்லை.

“செபித்தேன், குணமானேன், இனி மருந்து வேண்டாம்” என்று சிலர் முடிவு செய்கிறார்கள். செபத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சீராக்கின் ஞான நூல் 38-ஆம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசியுங்கள். மருந்தையும் மருத்துவனையும் தந்தவர் ஆண்டவரே என்று அங்கே காண்பீர்கள். அதே அதிகாரம் நோயுற்றவனை செபிக்கவும் சொல்கிறது, மருத்துவனுக்கு இடங்கொடுக்கவும் சொல்கிறது. இரண்டில் ஒன்றை விட்டுவிட அங்கே சொல்லப்படவில்லை.

முடிவாக ஒரு வேண்டுகோள். தனியே வாழும் முதியோர் நம் பங்கில் பலர். அவர்களுடைய மாத்திரை தீர்ந்துபோனதை அறிய ஆளில்லை. வின்சென்ட் தே பவுல் சபையாரும் மரியாயின் சேனையாரும் வீடு சந்திக்கும்போது, “சாப்பிட்டீர்களா?” என்று கேட்பதோடு, “மாத்திரை இருக்கிறதா?” என்றும் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி ஒருவரைப் படுக்கையில் விழாமல் காக்கும். முப்பது வயது கடந்தவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது அழுத்தத்தை அளந்து பாருங்கள். இன்று இங்கே பள்ளிக்கூட அறையில் செவிலியர் காத்திருக்கிறார்கள், அளந்துகொண்டே வீடு செல்லுங்கள்.

நோயுற்றோரைத் தொட்டுக் குணமாக்கிய ஆண்டவர் நம் குடும்பங்களைக் காத்து, அடுத்த யூபிலியையும் காணச் செய்வாராக.