பிஜித் தீவில் தனிவழிப் பயணம்

(நம் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை)



செயலாளர் அண்ணன் போன வாரம் போன் பண்ணினார். "நீதான் தனியாவே ஊர் ஊராச் சுத்துறவன் ஆச்சே, பசங்களுக்குப் பிரயோஜனமா ஒரு அரை மணி நேரம் பேசேன்" என்றார். வெளிநாட்டுப் பயணம் என்று பொதுவாகப் பேசினால் ஒருவருக்கும் உபயோகப்படாது. ஆகவே ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொள்கிறேன். பிஜி. 2023 ஆகஸ்டில் அதன் தலைநகர் சுவாவில் சூரிய சக்தி பம்பு நிறுவும் வேலைக்காக மூன்று வாரம் இருந்தேன். வேலை முடிந்ததும் விடுப்புப் போட்டுவிட்டுத் தனியாகச் சுற்றினேன்.

பசிபிக் சமுத்திரத்தில் முந்நூற்றுச் சொச்சம் தீவுகள் சேர்ந்த நாடு அது. அவற்றில் சுமார் நூறு தீவுகளில்தான் ஜனங்கள் வசிக்கிறார்கள். மொத்த ஜனத்தொகை ஒன்பது லட்சத்தை ஒட்டி வரும். சுற்றிப் பார்க்கப் போகிற இந்தியருக்கு முன்கூட்டியே விசா வாங்கும் அவசியம் இல்லை. திரும்பி வருவதற்கான டிக்கெட்டும் செலவுக்குப் பணமும் காட்ட வேண்டும். விதிகள் மாறக்கூடியவை, கிளம்பும் முன் ஒருதரம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். 2016 பிப்ரவரியில் வீசிய வின்ஸ்டன் புயலில் 44 பேர் இறந்தார்கள். மே முதல் அக்டோபர் வரை போவது நல்லது. மலேரியா கிடையாது, டெங்கு உண்டு. கொசு மருந்தை மறக்க வேண்டாம்.

ஊர்ப் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கில எழுத்தில் 'நாடி' என்று எழுதியிருக்கும், வாயில் 'நாந்தி'. எழுத்தில் 'கடவு', வாயில் 'காந்தவு'. 'டி' எழுத்துக்கு முன்னால் அவர்கள் ஒரு மூக்கொலி சேர்த்துச் சொல்வார்கள். 'பி' எழுத்தும் அப்படித்தான், 'ம்புலா' என்றால் வணக்கம். ஆங்கில 'சி' எழுத்து அவர்களுக்குத் 'த' மாதிரி. 'மோதே' என்றால் போய் வருகிறேன். ந்த, ம்ப எல்லாம் நமக்குப் பால்குடிச் சமாசாரம். வெள்ளைக்காரப் பயணிகள் ஒரு வாரம் திண்டாடுகிற இடத்தை நாம் ஒரே நாளில் தாண்டிவிடலாம். ஊர்ப் பெயரைச் சரியாகச் சொல்கிறவனிடம் டாக்ஸிக்காரர்கூட வேறு மாதிரிப் பேசுகிறார்.

விமான நிலையத்தில் தின்பண்டம், விதை, பால் பொருள் எது இருந்தாலும் சீட்டில் எழுதிக் காட்டிவிட வேண்டும். தீவு நாட்டுக்கு ஒரு பூச்சி வந்தால் போதும், விவசாயமே போய்விடும். எங்கம்மா கட்டிக் கொடுத்த பருப்புப் பொடியை எழுதிக் காட்டினேன். அதிகாரி முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பச்சைக் கறிவேப்பிலையை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார். நியாயம்தான்.

சுவா மாதிரி நகரத்தில் ஜாக்கிரதை என்பது நம் ஊர் ஜாக்கிரதைதான். இருட்டிய பிறகு நடக்காமல் மீட்டர் போட்ட டாக்ஸியில் போவது, பணத்தை ஒரே பையில் வைக்காமல் இருப்பது, அவ்வளவே. ஒன்று மட்டும் புதிது. தெருவில் ஒருவர் சிரித்துக்கொண்டே உங்கள் பெயரைக் கேட்பார். கேட்ட மறு நிமிஷம் ஒரு மரக்கத்தியில் அதைச் செதுக்கி, காசு கொடு என்று நிற்பார். பெயரைச் சொல்லாமல் 'ம்புலா' சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். (சிரிப்பு)

நான் விரிவாகச் சொல்ல வந்தது கிராமத்தைப் பற்றி.

பிஜியில் பெரும்பகுதி நிலம், பத்தில் ஒன்பது பங்குக்குக் கொஞ்சம் குறைவாக, பூர்வகுடிக் குலங்களுக்குப் பொதுச் சொத்து. விற்க முடியாது. கரையோரக் கடலில் மீன் பிடிக்கும் உரிமையும் இன்ன குலத்துக்கு இன்ன இடம் என்று பதிவாகி இருக்கிறது. ஆகவே ஆளில்லாத கடற்கரை, கேட்பாரற்ற அருவி என்று நமக்குத் தோன்றுகிற இடமெல்லாம் யாரோ ஒருவர் வீட்டு முற்றம். கேட்காமல் நுழைவது அடுத்த வீட்டுக் கொல்லையில் இறங்குவதற்குச் சமம்.

கேட்பதற்கு ஒரு முறை உண்டு. அதன் பெயர் செவுசெவு. யங்கோனா என்ற செடியின் காய்ந்த வேரை, காவா என்று வெளியுலகம் சொல்லும் அதையே, அரைக்கிலோ அளவு கட்டாகச் சந்தையில் விற்கிறார்கள். சுவாச் சந்தையில் ஒரு மூதாட்டி பழைய பேப்பரில் சுற்றி நாடா கட்டி, "பொடியாக வாங்கிப் போகாதே, வேராகக் கொண்டு போ, அதுதான் மரியாதை" என்று சொல்லிக் கொடுத்தார். ஊருக்குள் நுழையும்போது தொப்பி, கறுப்புக் கண்ணாடி இரண்டையும் கழற்றிவிட வேண்டும். பையைத் தோளில் மாட்டாமல் கையில் பிடிக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே உடம்பு மூடியிருக்க வேண்டும். 'சுலு' என்று அவர்கள் கட்டுவது கிட்டத்தட்ட நம் கைலி, எனக்குப் பயிற்சியே தேவைப்படவில்லை. யாரையாவது கண்டு, ஊர்ப் பொறுப்பாளரான 'துராங்க நி கொரோ'விடம் அழைத்துப் போகச் சொல்ல வேண்டும்.

செருப்பை வெளியே விட்டு, பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கட்டைக் கையில் கொடுக்காமல் முன்னால் தரையில் வைக்க வேண்டும். பெரியவர் அதைத் தொட்டு எடுத்து, நிதானமாக, பாட்டு மாதிரி ஏதோ சொல்வார். பிறகு வேரை இடித்துத் தண்ணீரில் கரைத்துத் தேங்காய்ச் சிரட்டையில் கொடுப்பார்கள். ஒருமுறை கைதட்டி வாங்கி, ஒரே மடக்கில் குடித்து, மூன்று முறை தட்ட வேண்டும். ருசியா? மழைக்கால ஏரித் தண்ணீரில் மிளகு போட்ட மாதிரி. நாக்கு மரத்துப் போகும், மனசு சாந்தமாகும். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதும் கடலில் இறங்குவதும் ஆகாது. உட்கார்ந்திருப்பவர்களைத் தாண்டிப் போக வேண்டுமானால் குனிந்துகொண்டு 'துலோ' என்று சொல்லிப் போக வேண்டும். யார் தலையையும் தொடக்கூடாது, குழந்தை தலையைக்கூட. ஒரு வீட்டில் ஒரு பொருளை ஆகா, ஓகோ என்று புகழ்ந்தால் அதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். கெரெகெரே என்று கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டாத பழக்கம் அவர்களுக்கு. புகழ்ச்சியை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில், சாப்பாடு, தூக்கம், அவ்வளவுதான். நீச்சலும் வேண்டாம், படகும் வேண்டாம்.

இதெல்லாம் சடங்கு, பார்க்க அழகு என்று மட்டும் நினைத்தால் பாதிதான் புரியும். அந்த வேர்க்கட்டை அவர்கள் வாங்கிக்கொண்ட நிமிஷத்திலிருந்து உங்களுக்கு ஊர் ஜவாப்தாரி. எனக்கு அது புரிந்தது காந்தவுத் தீவில்.

சுவாவுக்குத் தெற்கே இருக்கிறது காந்தவு. சாலை என்று சொல்லும்படி அதிகம் இல்லை. ஊருக்கு ஊர் ஃபைபர் படகில், பின்னால் அவுட்போர்டு எஞ்சின் மாட்டி, போய் வருகிறார்கள். கரையைச் சுற்றிப் பவளப்பாறை அரண். அலை அந்த அரணைத் தாண்டி உள்ளே கொட்டிய தண்ணீரெல்லாம் அங்கங்கே இருக்கும் வாய்க்கால் வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஓதம் வற்றும் நேரத்தில் அந்த வாயில் இழுப்பு பலமாக இருக்கும். ஹைட்ராலிக்ஸ் பாடம் ஞாபகம் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மேலே பார்த்தால் கண்ணாடி மாதிரி அமைதி. அதனால் எந்த இடத்தில் நீந்தலாம் என்று தினமும் யாரையாவது கேட்டுக்கொண்டுதான் இறங்குவேன். கூடவே பத்து வயசுப் பையன் ஒருவனைத் துணைக்கு அனுப்பிவிடுவார்கள். முப்பத்தாறு வயசு ஆளுக்குப் பத்து வயசுக் காவல்!

ஆறு நாள் அந்தக் கிராமத்தில் தங்கினேன். தீவில் விமான ஓடுதளம் இருக்கும் வுனிசேயா வரை படகில் போய், சின்ன விமானம் பிடித்து, நாந்தியில் ஊர் திரும்பும் விமானம் ஏற வேண்டும். நடுவில் இரண்டு நாள் இடைவெளி விட்டிருந்தேன். நாம் எதற்கும் சேஃப்டி ஃபாக்டர் வைப்பவர்கள் இல்லையா? ஆனால் கிளம்பும் நாள் காலையில் தென்கிழக்குக் காற்று பிடித்துக்கொண்டது. ஆகஸ்டில் அங்கே அது வழக்கம். துராங்க நி கொரோ கடலைப் பார்த்தார், "இன்று இல்லை" என்றார். மறுநாளும் இல்லை.

அன்று பிற்பகல் பக்கத்துக் குடாவிலிருந்து வந்த ஒரு படகு வுனிசேயாவுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தது. அதில் இரண்டு பேர். எனக்கு ஓர் இடம் இருக்கிறது, வா என்றார்கள். படகில் லைஃப் ஜாக்கெட் இல்லை. என் கையில் டிக்கெட், போனில் அலுவலகத்திலிருந்து நாலு மெசேஜ். பெரியவரைப் பார்த்தேன். அவர் கோபிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. "நீ வேரை வைத்தாய், நாங்கள் எடுத்துக்கொண்டோம். உனக்கு ஒன்று ஆனால் உன் அம்மாவுக்கு நான் பதில் சொல்ல வேண்டும். என்ன சொல்லட்டும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் பையை இறக்கிவிட்டேன்.

அந்தப் படகு பவளப்பாறைக்கு வெளியே போனதும் எஞ்சின் நின்றுவிட்டது. போய்ச் சேரவில்லை என்ற சேதி இரவு ஏழு மணிக்கு வந்தது. அதன் பிறகு நடந்ததை நான் எந்தக் கண்ட்ரோல் ரூமிலும் பார்த்ததில்லை. எத்தனை பேர், எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள், எத்தனை லிட்டர் எண்ணெய், என்ன சுமை, எல்லாம் இரண்டு ஊருக்கும் தெரியும். காற்று தென்கிழக்கு, ஆகவே படகு வடமேற்கே ஒதுங்கும் என்று கணக்குப் போட்டு, போலீசுக்குத் தகவல் கொடுத்துவிட்டு, விடிந்ததும் நான்கு படகு கிளம்பியது. பெண்கள் கூடத்தில் உட்கார்ந்து ஜெபம் செய்தார்கள். நான் அடுப்புக்கு விறகு தூக்கிக் கொடுத்தேன். காலை பத்து மணிக்கு மேல் இருவரையும் உயிரோடு கொண்டு வந்தார்கள், உதடு வெடித்து, குளிரில் நடுங்கிக்கொண்டு. யாருக்கும் சொல்லாமல் கிளம்பிய படகாக இருந்தால் தேடவே ஆரம்பித்திருக்க மாட்டார்கள்.

எனக்கு டிக்கெட் பணம் போயிற்று, ஆபீசில் நல்ல பாட்டும் கிடைத்தது. அது கிடக்கட்டும்.

இந்தியன் என்ற முறையில் அங்கே இன்னொரு மரியாதையும் நமக்கு உண்டு. 1879 முதல் 1916 வரை சுமார் 60,000 பேரைக் கரும்புத் தோட்டக் கூலிகளாக இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டு போனார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் போனார்கள். ஒப்பந்தம் என்ற ஆங்கில வார்த்தை அவர்கள் வாயில் 'கிர்மிட்' ஆயிற்று. 1926-ல் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இன்றும் பள்ளிக்கூடங்கள் நடத்துகிறது. நாந்தி முருகன் கோயிலில் கோபுரத்தைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஆனால் அங்கே கும்பிட வந்த ஒரு தாத்தாவிடம் தமிழில் பேசினால் அவருக்குப் புரியவில்லை. வீட்டில் பிஜி இந்திதான். பாட்டி பாடிய காவடிப் பாட்டு மட்டும் எழுத்துப் பிசகாமல் வருகிறது, அர்த்தம் தெரியாது. "தமிழனாக இருந்துகொண்டு தமிழ் தெரியாதா" என்று அவர்களிடம் கேட்டுவிடாதீர்கள். பாட்டையாவது விடாமல் பிடித்து வைத்திருக்கிறார்களே என்று நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

1987-ல் இரண்டு தடவை, பிறகு 2000-ல், 2006-ல், ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த நாடு. நிலம், ஓட்டு, பூர்வகுடி, இந்திய வம்சாவளி என்று எல்லோருக்கும் ஆறாத காயம் இருக்கிறது. பல குடும்பங்கள் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போய்விட்டன. நம் முகத்தைப் பார்த்து இரண்டு தரப்பும் மனசு விட்டுப் பேசும். கேட்டுக்கொள்ளலாம். தீர்ப்புச் சொல்ல நாம் யார்? பதினாறு நாள் விருந்தாளி.

"பொண்ணுங்க தனியாப் போலாமா சார்?" என்று சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார் ஒரு தங்கை. ஆம்பளை நான் இதற்கு அனுபவத்தில் பதில் சொல்ல முடியாது. என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் பொறியாளர் தவேயுனித் தீவில் தனியாக ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தார். அவர் கடைப்பிடித்தது இது. தோளும் முழங்காலும் மூடிய உடை. தங்குவது பெண்கள் இருக்கிற குடும்பத்தில். முதல் நாளே வீட்டு அம்மாவிடம் போய் உட்கார்ந்து சமையலில் கூடமாட ஒத்தாசை. அதன் பிறகு காட்டு வழி நடக்கப் போனாலும் அந்த அம்மா ஒரு பெண்ணைக் கூட அனுப்பிவிடுவார். ராத்திரி ஆண்கள் உட்காரும் யங்கோனாக் கச்சேரியில் ஒரு சிரட்டை வாங்கிவிட்டு எழுந்து வந்துவிடுவார். நகரத்தில் இருட்டிய பிறகு டாக்ஸி. இத்தனைக்கும் மேலே, தினமும் ராத்திரி எட்டு மணிக்கு ஊருக்கு ஒரு மெசேஜ், நாளை எங்கே, யாரோடு என்று. அவர் சொன்ன ஒன்றை நான் அப்படியே நம்புகிறேன்: சரியில்லை என்று மனசுக்குப் பட்டால் மரியாதைக்காக உட்கார்ந்திருக்க வேண்டாம், எழுந்துவிடலாம்.

அண்ணன் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். கடைசியாக ஒரு எலக்ட்ரிகல் சமாசாரம். அங்கே 240 வோல்ட், ஆனால் பிளக் முள் சாய்ந்திருக்கும், ஆஸ்திரேலியா மாதிரி. நம் பிளக் நுழையாது. கிராமத்தில் பல இடத்தில் ஜெனரேட்டர் சாயங்காலம் சில மணி நேரம்தான், போனை அப்போதே சார்ஜ் போட்டுவிட வேண்டும். என்னிடம் அந்தச் சாய்ந்த முள் அடாப்டர் இரண்டு சும்மா கிடக்கிறது. போகிறவர்கள் சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பிடித்து 'கெரெகெரே' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இல்லை என்று சொல்ல மாட்டேன்.